பரங்கிப்பேட்டைக்கு ஒரு பட்டறை

கடலடியில் மீனுக்கு உறைவிடம் அமைப்பது இன்று சர்க்கார் காரியமாகிவிட்டது. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் செயற்கைப் பார்களுக்கும் இடமுண்டு. தூத்துக்குடிக்கு எதிரே அலையால் கரைந்து வந்த வான் தீவைக் காக்கக் கான்கிரீட் பார்களை இறக்கியது பலன் தந்திருக்கிறது. அம்முயற்சியைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆனால் சிமெண்டே கதி என்று நமது என்ஜினீயர்கள் எண்ணுவார்களாயின், அதை ஒப்புக்கொள்ள நாம் தயாராக இல்லை.

2020-ம் ஆண்டிலேயே ஹாங்காங் சர்வகலாசாலையார் ஹோய் ஹா வான் கடற்பூங்காவில் 128 சுடுமண் ஓடுகளை இறக்கினார்கள். கணினியில் வரைந்த உருவத்தை ஒரு யந்திரம் ஈரக் களிமண்ணைக் கொண்டு, நம் வீட்டுப் பெண்டிர் முறுக்குப் பிழிவது போல, அடுக்கின்மேல் அடுக்காக எழுப்புகிறது. பின்பு சூளையில் சுடுகிறார்கள். புதுச் சிமெண்டிலுள்ள காரம் சுடுமண்ணில் இல்லை. பவளக் குஞ்சுகள் பற்றிக்கொள்ள மடிப்பும் பொந்தும் வேண்டிய அளவில் அமைகின்றன. இதைக் கேட்டு நாம் வாய்பிளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு பூசிய ஓடுகளைக் கடலில் வைத்து ஆளிக் குஞ்சுகளைப் படியவைக்கும் முறையை 1970-களில் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கையாண்டு காட்டியிருக்கிறார்கள். யந்திரம் ஒன்றே புதிது.

கடலூர் ஜில்லாவில் இதற்கு எது குறைவு? வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் பொம்மை செய்யும் கைகள் இருக்கின்றன. ஆளி ஓடும் தென்னை நாரும் கிடைக்கின்றன. வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில், அண்ணாமலை சர்வகலாசாலையின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. ஹாங்காங் ஓட்டை அப்படியே நகலெடுப்பது மட்டும் மதியீனம். அது பவளத்துக்காகச் செய்தது. நமது கடலடியோ மணலும் சேறும். இங்கே இடம் தேடுபவை வெள்ளாற்று ஆளியும், பிச்சாவரத்து உப்பங்கழியில் வளரும் இறாற் குஞ்சும். அவற்றுக்கேற்ற வடிவத்தை இங்குள்ள விஞ்ஞானிகளே வரையவேண்டும். அச்சு வார்க்கும் செலவின்றி இவ்வார வடிவத்தை அடுத்த வாரம் மாற்றலாம் என்பதே யந்திரத்தின் பெருமை.

யந்திரம் பரங்கிப்பேட்டைக்குப் புதிதன்று. 1830-ல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் அங்கே இரும்பாலை நிறுவினார். சேலத்துத் தாது நம் காட்டு மரக்கரியில் உருகிற்று. இரும்பு சீமைக்குக் கப்பலேறிற்று. அத்தகைய யந்திரத்தை நாம் மீண்டும் வேண்டவில்லை.

இனி முக்கியமான விஷயம். பாரை எங்கே இறக்குவது? இதை ஆபீஸ் மேஜைமேல் படத்தை விரித்துத் தீர்மானிக்க முடியாது. சுருக்குமடி வலை பற்றித் தேவனாம்பட்டினத்தில் மூண்ட பூசலை அதிகாரிகள் மறந்திருக்கமாட்டார்கள். செயற்கைப் பார் இழுவைமடிக்குத் தடை, தூண்டிற்காரனுக்கு வரம். தவறான இடத்தில் இறக்கினால் ஏழையின் வலையும் அதில் கிழியும். கிழிந்த நைலான் வலை அங்கேயே தொங்கி, பிடிப்பாரின்றி மீனைக் கொன்றுகொண்டிருக்கும். மீனைக் காக்க வைத்த பொருளே மீனுக்கு யமனாகும்.

ஆகவே மீனவ கிராமப் பஞ்சாயத்தார் குறித்துத் தரும் இடத்திலன்றி ஓர் ஓடுகூட இறங்கலாகாது. மேற்படி திட்டத்தின் பணத்தில் ஒரு சிறு பங்கைக்கொண்டு சர்க்கார் பரங்கிப்பேட்டையில் ஒரு யந்திரமும் ஒரு சூளையும் அமைக்கட்டும். குயவர், மீனவர், ஆராய்ச்சியாளர் மூவரும் அங்கே கூடி வேலை செய்யட்டும். முதலில் வெள்ளாற்றில் ஒரு நூறு ஓடுகளை, நாலைந்து வடிவங்களில், வைத்துப் பார்க்கட்டும். மழைக்கு முன்னும் பின்னும் அவற்றில் படிந்த ஆளிகளை எண்ணும் வேலையை மீனவ இளைஞர்களுக்கே கூலி கொடுத்து ஒப்படைத்து, கணக்கைத் தமிழில் ஊரறிய வெளியிடட்டும்.