வேரற்றால் வளமறும்

காட்டில் கதிரவன் ஆற்றல் ஒருவழியே பாய்கின்றது. இலை பற்றிய அவ்வாற்றல், புழுவும் பறவையும் உண்டு உயிர்க்குந்தோறும் வெப்பமாய் வெளியேறும், மீளாது. மண்ணூட்டமோ அவ்வாறன்று, வேர் உறிஞ்சியது இலையாகி, உதிர்ந்து மட்கி, மீண்டும் வேரையே சேரும். இச்சுழற்சிக்குக் காவல் எது?

அமெரிக்காவின் நியூ ஆம்ப்சயர் மாநிலத்து அப்பர்டு புரூக்குக் காட்டில் போர்மன், லைக்கன்சு முதலிய அறிஞர்கள் விடை கண்டனர். 1965-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மலைச்சரிவின் மரங்கள் யாவும் வீழ்த்தப்பட்டு, அங்கேயே விடப்பட்டன. மூன்றாண்டுகள் களைக்கொல்லியால் மறுதளிர்ப்பும் தடுக்கப்பட்டது. விளைவோ, தழைச்சத்து பன்மடங்காய் ஓடைநீரிற் கரைந்தோடிற்று, சுண்ணச்சத்தும் உடன்சென்றது.

மட்கும் வினை நிற்பதில்லை. மட்கியதை ஏற்கும் வேர் இல்லையேல் வளம் ஆற்றோடு போம். கோடரி எடுப்போர் இதனை எண்ணுக! மரம் மீண்டும் நடலாம். ஒழுகிய மண்வளத்தை எவர் மீட்பர்?