கழிவுக் குன்றுகளுக்கு யார் கணக்குக் கொடுப்பது?

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை. தெற்கு வேல்ஸின் அபெர்வான் கிராமத்துக்கு மேலே மலையில் குவித்திருந்த நிலக்கரிக் கழிவு சரிந்து வந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்தது. 144 பேர் மாண்டார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். கழிவைக் கொட்டியது பிரிட்டிஷ் அரசின் தேசிய நிலக்கரி வாரியம். பள்ளிக்குப் பின்னால் கொட்டுவது ஆபத்து என்று உள்ளூர் மன்றம் 1963இலேயே எழுதியிருந்தது. விசாரணை ஆணையமும் வாரியத்தின்மீதே பழி சுமத்தியது. ஆனாலும் ஒருவருக்கும் வேலை போகவில்லை. ஒருவர்மீதும் வழக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான், தெற்கு வேல்ஸில் மருத்துவராக இருந்த என்னிடம் நோயாளிகள் குரல் நடுங்கச் சொல்வார்கள். ஊருக்கு மேலே மிச்சக் குன்றுகள் அப்படியே நின்றன. அவற்றை அகற்றச் சொல்லிப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் போராடினார்கள். 1968இல் அரசு ஒருவழியாக இசைந்தது. ஆனால் செலவில் 1,50,000 பவுண்டை, அந்தக் குடும்பங்களுக்காக மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்து எடுத்துக்கொண்டது.

அந்த முடிவை எடுத்தவர் வேல்ஸ் விவகார அமைச்சர் ஜார்ஜ் தாமஸ். அவர் வெளியூர்க்காரர் இல்லை; ரோந்தா பள்ளத்தாக்கில் டோனிபாண்டிப் பக்கம் வளர்ந்தவர். நம் மண்ணின் ஆள் ஒருவர் மத்திய அமைச்சரவையில் இருந்தால் போதும், நம் காரியம் நடக்கும் என்று எண்ணுவோர் எந்த நாட்டிலும் உண்டு. அவர்கள் இந்த ஒரு சம்பவத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். தாமஸுக்குப் பதவி தந்தவர் பிரதமர். பணத்தைப் பிடித்து வைத்திருந்தது லண்டன் கருவூலம். அபெர்வான் தாய்மார்களுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டிய இடம் எதுவும் இருக்கவில்லை.

மதுரையில் மருத்துவம் படித்துவிட்டு ரோந்தாவில் குடும்ப மருத்துவராக வாழ்நாளைக் கழித்தவன் நான். உள்ளூர் மருத்துவர்கள் வரத் தயங்கிய அந்தப் பள்ளத்தாக்குகளுக்கு இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து எங்களைப் போல நிறையப் பேர் போனோம். கரித்தூசி அடைத்த நுரையீரல்களைக் கேட்டுக் கேட்டே ஊரின் வரலாற்றைத் தெரிந்துகொண்டேன்.

வேல்ஸுக்கென்று ஒரு சட்டமன்றம் வேண்டுமா என்று 1979இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்திக் கேட்டபோது ஐந்தில் நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். 1997இல் மறுபடி கேட்டார்கள். பதினொரு லட்சத்துக்கும் மேல் விழுந்த வாக்குகளில் 6,721 வித்தியாசத்தில் ‘வேண்டும்’ என்ற தரப்பு வென்றது. தலைநகர் கார்டிஃப் மறுத்தது. ரோந்தாவும், அபெர்வானை உள்ளடக்கிய மெர்தரும் வேண்டும் என்றன. நிர்வாகம் எட்டத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டுதான், அப்போதைய வேல்ஸ் அமைச்சர் ரான் டேவிஸ், எடுத்த தொகையை அபெர்வான் நிதிக்குத் திருப்பிக் கொடுத்தார். வட்டி கிடையாது, பணவீக்கக் கணக்கும் கிடையாது. ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து அதே 1,50,000.

1999இல் சட்டமன்றம் கூடியது. 2007 பிப்ரவரியில், ரோட்ரி மார்கன் தலைமையிலான வேல்ஸ் அரசு அபெர்வான் அறக்கட்டளைகளுக்கு 20 லட்சம் பவுண்டு கொடுத்தது. லண்டன் செய்யாததை கார்டிஃப் எட்டே வருடத்தில் செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மருந்துச் சீட்டுக் கட்டணத்தையும் அடியோடு நீக்கியது. அதற்கு முன் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, “டாக்டர், இந்த மூன்றில் எது ரொம்ப அவசியம்?” என்று கேட்ட பெண்களை மறக்க மாட்டேன். கடைகளில் வேலை பார்த்த, ஆஸ்துமா உள்ள பெண்கள். கேட்பது நோயைப் பற்றி இல்லை, அந்த வாரத்துச் சம்பளத்தைப் பற்றி. கட்டணம் போனதும் அந்தக் கேள்வியும் நின்றுபோனது. இங்கிலாந்தில் இன்றும் ஒரு மருந்துக்குப் பத்து பவுண்டுக்குச் சற்றே குறைவாக வாங்குகிறார்கள்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் காலம் வேல்ஸில் இங்கிலாந்தைவிட அதிகம். முட்டி தேய்ந்து, நடக்க முடியாமல் வருடக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய கோபம் நியாயமானது. இன்று அந்தக் கோபம் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது. பொறுப்பானவர்கள் கார்டிஃபில் இருக்கிறார்கள், தேர்தலில் அவர்களை மாற்றலாம்.

எனக்கு ஆறாத குறை பணத்தில்தான். வேல்ஸ் அரசின் வரவில் பெரும்பகுதியைப் பார்னெட் சூத்திரம் தீர்மானிக்கிறது. தற்காலிகம் என்று எழுபதுகளின் கடைசியில் கொண்டுவந்த ஏற்பாடு அது. இங்கிலாந்தில் ஒரு துறைக்குச் செலவு கூடினால் மக்கள்தொகைக்கு ஏற்ப வேல்ஸுக்கும் ஒரு பங்கு வரும். லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் நடுவே போடும் அதிவேக ரயில் பாதையில் ஓரடிகூட வேல்ஸில் இல்லை. ஆனால் அதை ‘இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்’ திட்டம் என்று வகைப்படுத்திவிட்டார்கள். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் பங்கு போனது. வேல்ஸுக்கு ஒன்றும் இல்லை. கடற்படுகையை உள்ளடக்கிய அரசுடைமை நிலங்களின் நிர்வாகமும் வருவாயும் ஸ்காட்லாந்தின் கைக்கு மாறிவிட்டன. வேல்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயல் அடித்தபோது ரோந்தாவின் டைலர்ஸ்டவுனில் 60,000 டன் கழிவு சரிந்து ஆற்றுக்குள் போனது. உயிர்ச்சேதம் இல்லை. அன்று பள்ளத்தாக்கில் வயதானவர்கள் எல்லோரும் நினைத்தது அபெர்வானைத்தான். அதன்பிறகு கணக்கெடுத்ததில் வேல்ஸில் கைவிடப்பட்ட குன்றுகள் 2,500க்கும் மேல் என்று தெரிந்தது. சுமார் 350 குன்றுகளை அடிக்கடி கண்காணித்தாக வேண்டும். சீர்செய்ய 50 கோடி பவுண்டாவது ஆகும் என்பது வேல்ஸ் அரசின் மதிப்பீடு. இந்தத் துறையை உங்களிடம் கொடுத்தாயிற்று, செலவும் உங்களுடையது என்று கருவூலம் கைவிரித்தது.

இந்த வாதத்தை என்னால் ஏற்கவே முடியாது. அந்தக் குன்றுகள் எழுந்த காலத்தில் வேல்ஸுக்குச் சட்டமன்றமே இல்லை. அந்தக் கரியில் ஓடியவை பிரிட்டன் முழுவதன் ரயில்கள், கப்பல்கள், ஆலைகள். லாபம் வந்தபோது நாடு முழுமைக்கும் பொது. கழிவு மட்டும் பள்ளத்தாக்குக்காரனுக்கா? பிறகு 2024இல் லண்டன் 2.5 கோடி பவுண்டு ஒதுக்கியது. 2025இல், மூன்று ஆண்டுகளுக்கென்று மேலும் 11.8 கோடி. நல்ல தொடக்கம்தான், ஆனால் தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

குன்றுகளுக்கென்று தனி ஆணையம் அமைக்க வேல்ஸ் 2025இல் சட்டம் இயற்றிவிட்டது. ஆணையம் பொறுப்பேற்க வேண்டிய காலம் 2027 ஏப்ரல். அதிகாரம் கார்டிஃபில் இருக்கட்டும். 1999க்கு முன் குவிந்த ஒவ்வொரு குன்றின் செலவையும், மூன்று மூன்று ஆண்டுக்கு என்று பிச்சுப் பிச்சுக் கொடுக்காமல், கடைசிக் குன்று பத்திரமாகும்வரை தானே ஏற்பதாக லண்டன் கருவூலம் சட்டப்படி எழுதித் தர வேண்டும்.