பீலியைத் துப்புரவாக்குவது யாருடைய வேலை?

ஓகஸ்ட் விடுமுறையில் பூவரசங்குளத்துக்குப் போயிருந்தோம். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் எமது பெரியம்மாவின் குடும்பமும் ஒன்று. காடு வெட்டிக் குடியிருந்து, யுத்தத்தில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, வீட்டுத்திட்டத்தில் கட்டிய ஓட்டு வீட்டில் இப்போது இருக்கிறார்கள். முற்றத்தில் வேம்பு, பக்கத்தில் மா, பின்வளவில் தேக்கு. அதற்கும் அப்பால் பாலையும் முதிரையுமாகக் காடுதான்.

நாம் போய் இறங்கிய அன்று பெரியம்மாவின் மகன் ஏணியில் நின்று கூரைப் பீலியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் பீலி என்றால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைதான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே நாம் சொல்வது கூரையின் ஓரத்தில் மழைத்தண்ணீரை ஏந்துகிற பீலியை. கோடை முழுவதும் விழுந்த சருகு அதில் உக்கிக் கறுப்புச் சேறாகியிருந்தது. அணில் கூடு ஒன்று, குரங்கு புரட்டிய ஓட்டின் உடைந்த துண்டுகள், அந்தச் சேற்றிலேயே வேர் விட்டு ஒரு சாண் வளர்ந்த ஆலங்கன்று ஒன்று. ஒரு பக்கத்துப் பீலியில் மட்டும் இரண்டு உரப்பை குப்பை வந்தது. "தேக்கிலை ஒண்டு போதும் அண்ணே, இறங்குற குழாயின்ட வாய அப்பிடியே மூடிப்போடும். இப்ப செய்யாட்டி ஐப்பசியில மழைக்குள்ள ஏறோணும்" என்றார்.

அந்த வீட்டில் பீலி வெறும் வடிகால் அல்ல. குழாய் போய் விழுவது சீமெந்துத் தொட்டியொன்றில். வவுனியா மாவட்டத்திலும் சிறுநீரக நோய் பல வீடுகளில் புகுந்துவிட்டதால் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் பயப்படுகிறவர்கள் மழைத்தண்ணீரைச் சேர்க்கிறார்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 550 சதுர அடிக் கூரை என்றால் ஓர் அங்குல மழைக்கு 1,200 லீற்றருக்கு மேல். பீலியில் அணில் எச்சமும் உக்கிய சருகும் கிடந்தால் அதைத்தான் பிள்ளைகள் குடிக்க வேண்டும். ஆகவே பீலியைக் கழுவுவதோடு, முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே ஓடவிட்டு, அதன் பிறகே குழாயைத் தொட்டிக்குத் திருப்புகிறார்கள். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காணிக்கு உறுதி இருக்கிறது, வீடு அவர்களுடையது, ஏணியும் அவர்களுடையது.

சாப்பிடும்போது பெரியம்மா கேட்டார்: "அங்க லயத்துக் கூரைய யாருப்பா பாக்குறா?"

எம்மிடம் பதில் இருக்கவில்லை. இந்த மாத ஆசிரியர் தலையங்கத்தை அந்தக் கேள்விக்காகவே எழுதுகிறோம்.

எமது தோட்டத்து லயன்களைச் சுற்றியும் மரம்தான். சவுக்கு இலை பின்னிப் பின்னிப் பீலிக்குள் பாய் போலப் படிகிறது. யூக்கலிப்டஸ் சருகு லேசில் உக்காது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் பன்னிரண்டை ஒரே கூரை மூடியிருக்கிறது. பீலி இருந்தால் அதுவும் ஒரே பீலி. முதலாம் காம்பராவுக்கு மேலே அடைத்தால் தண்ணீர் வழிவது ஏழாம் காம்பராவின் இஸ்தோப்பில். ஏழாம் காம்பராக்காரர் தன் தலைக்கு மேலே எத்தனை தடவை வழித்தாலும் பயன் இல்லை. தனி வீட்டுக்காரருக்கு இல்லாத சிக்கல் இது. லயத்துக் கூரையைத் துண்டு துண்டாகப் பராமரிக்க முடியாது.

சென்ற வருடம் நாம் அறிந்த தோட்டமொன்றில் டெங்கு பரிசோதனைக்கு வந்தவர்கள் பீலியில் புழு கண்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் யார் கைக்கு வந்தது? அந்தக் காம்பராவில் இருந்த, கணவரை இழந்த ஒரு தாயின் கைக்கு. பீலியை அவர் போடவுமில்லை, அதை எட்டுவதற்கு அவரிடம் ஏணியும் இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு தோட்டக் காரியாலயத்துக்குப் போனார். "வீட்டுல இருக்கிறது நீங்கதானே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே காரியாலயம், அவரது மகன் இஸ்தோப்பை இரண்டு அடி நீட்டிக் கட்டப் போனபோது, "வீடு தோட்டத்துடையது, கை வைக்காதே" என்று தடுத்தது. கட்டும்போது தோட்டத்து வீடு, குப்பை அள்ளும்போது நம் வீடு!

சட்டத்தைப் பார்ப்போம். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வளவின் உரிமையாளர் மீதும் குடியிருப்பவர் மீதும் பொறுப்பை வைக்கிறது. குடியிருப்பவர் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். உரிமையாளர் என்ற சொல்லும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. நிலம் அரசாங்கத்தினுடையது, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளின் கையில், குத்தகையும் அவர்களுடையது. இந்த இருவரில் யார் உரிமையாளர் என்று அவர்கள் தமக்குள் பேசி முடிவெடுக்கட்டும். நாம் இல்லை என்பது மட்டும் நிச்சயம். இதைவிடப் பழைய சட்டம் ஒன்றும் உண்டு. லயன்களையும் அவற்றின் சுற்றாடலையும் சுகாதாரமான நிலையில் வைத்திருப்பது தோட்டத் துரையின் கடமை என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்று சிரிக்கத் தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்து லயன் இருக்கும் வரை அந்தச் சட்டமும் நமக்கு வேண்டும்.

டெங்கைச் சிறிதாக நினைப்பவர்களுக்கு 2017ஐ நினைவூட்டுகிறோம். அந்த ஒரு வருடத்தில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் நோய் கண்டது, 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். டெங்கு நுளம்பு ஆற்றையும் சாக்கடையையும் தேடிப் போவதில்லை. சருகு அடைத்த பீலியில் தேங்குகிற இரண்டு சிரட்டைத் தண்ணீர் அதற்குப் போதும். முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு கிழமை. தண்ணீர் வற்றினாலும் பீலியின் பக்கத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே சருகை அள்ளினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். பீலி நடுவில் தொய்ந்திருந்தால் எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் நிற்கும். தொய்வை நிமிர்த்துவது தோட்டத்து மேசனின் வேலை.

இதற்கிடையில், உரிமையைப் பேசிக்கொண்டே மழையை வரவிடவும் முடியாது. எங்கள் ஆட்கள் ஏறத்தான் போகிறார்கள் என்பது தெரியும். ஏறுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலில் கீழே நின்று குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். மலையில் கொழுந்து எடுக்கும்போதே குளவி கொட்டி எத்தனை உயிர் போயிருக்கிறது. ஏணியில் நிற்கும்போது ஓட இடமில்லை. மின்சாரக் கம்பி வீட்டுக்குள் வரும் பக்கத்தில் தகர ஏணி வேண்டாம். நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளியிருக்கட்டும், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். வெறுங்கையை சருகுக்குள் விடாதீர்கள். தேளும் பூரானும் அங்கேதான் குடியிருக்கின்றன, வன்னியில் பாம்பும். பெரியம்மாவின் மகன் பழைய பிளாஸ்டிக் போத்தலைக் குறுக்கே வெட்டி அகப்பை செய்து வைத்திருந்தார். பீலிக்குள் அளவாகப் போகிறது, செலவும் இல்லை. சாராயம் குடித்துவிட்டு ஏறுகிறவரை மாதர் அணியினர் ஏணியைப் பிடுங்கி இறக்கிவிடலாம். சங்கம் உங்கள் பக்கம்தான்.

அஸ்பெஸ்டஸ் சீற்றுப் போட்ட கூரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். பழைய சீற்று பார்ப்பதற்குக் கல் மாதிரி இருக்கும், கால் வைத்தால் அப்பளம் மாதிரி உடையும். அதன் மேல் நடக்கவே கூடாது. ஏணியில் நின்று எட்டுகிற அளவுக்கு மட்டும் அள்ளுங்கள். காய்ந்த சேற்றை விளக்குமாறால் கூட்டாதீர்கள். சீற்றிலிருந்து உதிர்ந்த நார்த்தூள் அதில் இருக்கும், மூச்சோடு போனால் பல வருடங்களுக்குப் பிறகு நுரையீரலைத் தாக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அள்ளிப் பையில் கட்டுங்கள், மரக்கறிப் பாத்திக்குப் போடாதீர்கள்.

இந்தச் சீற்று ஏன் இன்னும் நம் தலைக்கு மேல் இருக்கிறது என்பதற்குத் தேயிலையோடு தொடர்புள்ள கதை ஒன்று உண்டு. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைத் தடுப்பதென அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. இலங்கைக்கு அஸ்பெஸ்டஸ் விற்பதும் ரஷ்யாதான். சில நாட்களுக்குள் அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிவைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. நாம் எடுத்த கொழுந்தைக் காட்டி நம் கூரையை முடிவு செய்தார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலைச்சரிவில் இருப்பவர்கள் கூரைத்தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்பதையும் பாருங்கள். பீலி அடைத்து வழிகிற தண்ணீர் லயத்தின் அத்திவாரத்திலும் பின்பக்கத்து மண்மேட்டிலும் ஊறக்கூடாது. கான் வழியாகத் தள்ளி ஓட வேண்டும். தேயிலை மலையில் கான் வெட்டுவதற்குப் பேர் போடுகிற தோட்டம், லயத்துக்குப் பின்னால் கான் வெட்டுவதற்கும் பேர் போடலாம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. பீலி துப்புரவாக இருந்தால் அது நடந்திருக்காது என்று நாம் சொல்லவில்லை. அங்கே ஆபத்து என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரித்த பிறகும் அந்த லயன்களில் ஆட்கள் இருந்தார்கள். போக வேறு வீடு இல்லை. நிலம் ஈரமாக இருக்கும்போது சுவரில் புது வெடிப்புக் கண்டால் பீலியை விடுங்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள்.

சங்கம் கேட்பது இதுதான். மழைக்கு முன்னர் லயத்துக் கூரைப் பீலிகளைத் துப்புரவாக்குவது தோட்ட வேலையாகக் கணக்கிடப்பட்டு, அதற்கு முழுப் பேர் போடப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இனாம் வேலையாக அல்ல. ஊவாப் பக்கத்துக்கும் வன்னிக்கும் ஐப்பசி மழைக்கு முன், மேற்குச் சரிவுத் தோட்டங்களுக்கு வைகாசி மழைக்கு முன்னும் ஒரு தடவை. ஏணி, கையுறை, முகமூடி தோட்டம் தர வேண்டும். விழுந்தால் அது வேலையில் நேர்ந்த விபத்தாகவே பதியப்பட வேண்டும். தனி வீடு கிடைத்தும் உறுதி கிடைக்காதவர்களின் பிரச்சினை வேறு, அடுத்த இதழில் எழுதுகிறோம்.

தோட்டத் தலைவர்களும் தலைவிகளும் லயன் இலக்கம், பீலி அடைத்த இடம், உடைந்த இடம், கூரை தகரமா அஸ்பெஸ்டஸா என்பவற்றை ஒரு கொப்பித் தாளில் எழுதி, இந்த மாதச் சம்பள நாளுக்கு முன்னர் மாவட்டக் காரியாலயத்தில் சேர்க்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள், கேட்டு வைத்திருக்கிறோம். எங்கள் பட்டியலின் முதல் வரியில் பள்ளிக்கூடத்துக் கூரைதான் இருக்கிறது. நாலாம் வகுப்புக்கு மேலே பீலி ஓட்டை, மழை நாளில் பிள்ளைகள் மேசையை நகர்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள்.