கப்பல் விட்ட பரம்பரையும் ஒரு கப்பியும்

நம் ஊர் மேடைகளில் கப்பல் ஓடாத நாளே கிடையாது. ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரத்துக்குக் கப்பல் விட்டான், வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார், உலகமே 'கேட்டமரான்' என்று சொல்வது நம்ம கட்டுமரத்தைத்தான் என்று ஆரம்பித்தால் கைதட்டல் நிச்சயம். மூன்றும் உண்மை. நானும் கை தட்டியிருக்கிறேன். தட்டி முடித்த பிறகு ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. இன்றைக்கு உலகத்தில் எங்கேயாவது ஒரு கேட்டமரானில் பாயை ஏற்றி இறக்குகிறார்களே, அந்தக் கயிறு ஓடும் கப்பியில் யார் பெயர் போட்டிருக்கிறது?

பெரும்பாலும் 'ஹார்கன்' என்று இருக்கும். பீட்டர் ஹார்கன், ஓலாஃப் ஹார்கன் என்ற அண்ணன் தம்பியின் குடும்பப் பெயர் அது. டச்சு அப்பா, ஸ்வீடன் அம்மா, பிறந்தது இந்தோனேசியாவில். உலகப் போரில் நாடு விட்டு நாடு அலைந்து கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த குடும்பம். பீட்டர் படித்தது விஸ்கான்சினில். கம்பெனி ஆரம்பித்தது அதே மாநிலத்தில் பெவாக்கி என்ற சின்ன ஊரில். அந்த ஊருக்குப் பக்கத்தில் கடலே கிடையாது சார். ஒரு ஏரி இருக்கிறது, அவ்வளவுதான். குளிர்காலத்தில் அதுவும் உறைந்துபோகும்.

1960களில் பீட்டர் ஒரு மருத்துவக் கருவி கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே கிடந்த பிளாஸ்டிக் குண்டுகளைப் பார்த்ததும் ஒரு யோசனை. கப்பிக்குள் சுழலும் ஸ்டீல் குண்டுகளை எடுத்துவிட்டு இதைப் போட்டால்? எடை குறைந்தது, துரு பிடிக்கவில்லை, கயிறு வழுக்கிக்கொண்டு ஓடியது. காற்று லேசாக இருக்கும்போது பாயை டக்கென்று தளர்த்த முடிந்தது. பந்தயத்தில் அதுதானே வெற்றி தோல்வி. ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. 1967 வாக்கில் கல்லூரிகளுக்குச் சின்னப் பாய்ப்படகு கட்டி விற்றபடியே, கூடவே இந்தக் கப்பியையும் விற்றார்கள். பிறகு கப்பியே பிழைப்பாகிவிட்டது. இன்று அமெரிக்கா கோப்பைப் படகுகள் வரை அந்தப் பெயர் போகிறது. ஓலாஃப் 2019-ல் காலமானார்.

இப்போது நம்ம கதை. அதே அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்துக்கு, 1938 ஆகஸ்டில் ஒரு பாய்க்கப்பல் வந்து நின்றது. வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர்கள் கட்டியது. பெயர் அன்னபூரணி. ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, பெயரை மாற்றி, தமிழ் மாலுமிகளையே ஓட்டச் சொல்லி வரவழைத்தார். ஹார்கன் சகோதரர்கள் கடை திறப்பதற்குச் சுமார் முப்பது வருஷம் முன்னால்! தூத்துக்குடித் தோணிகள் 1980கள் வரைகூட பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோயின. மரமும் கயிறும் கப்பியும் தெரிந்த கைகள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்தன. அந்தக் கைகளுக்கு யாரும் ஒரு லேத் வாங்கிக் கொடுக்கவில்லை, பேங்க் கடன் கொடுக்கவில்லை, என்ஜினீயர் ஒருத்தர் போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை. எஞ்சின் வந்தது, கதை முடிந்தது.

லேத்துக்கா பஞ்சம்? பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி. நாற்பது கிலோமீட்டருக்குள் வங்காள விரிகுடா. பெவாக்கிக்காரன் பார்த்தால் பொறாமைப்படுவான். அங்கிருந்து ஒரகடம் வரை கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கின்றன. வார்ப்பு, பிளாஸ்டிக் மோல்டிங், பேரிங், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று ஒரு கப்பிக்கு வேண்டியது எதையும் இந்தப் பக்கத்துத் தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வரைபடம் மட்டும் வேறு யாரோ அனுப்ப வேண்டும். அனுப்பியதைச் செய்வோம், சொன்ன நேரத்துக்கு அனுப்புவோம், விலையைக் குறைக்கச் சொன்னால் குறைப்போம்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. இருங்காட்டுக்கோட்டையின் பெரிய வீடு ஹூண்டாய். 1996-ல் அடிக்கல், 1998-ல் சான்ட்ரோ. அந்த ஹூண்டாயைத் தொடங்கிய சங் ஜூ-யங், 1971-ல் கப்பல் கட்டும் தளத்துக்குக் கடன் தேடி லண்டன் போனார். 'உங்களுக்குக் கப்பல் கட்டத் தெரியுமா' என்ற கேள்விக்கு, பையிலிருந்து 500 வான் நோட்டை எடுத்துக் காட்டினாராம். அதில் கொரியாவின் பழைய ஆமைக் கப்பல் படம். பழம்பெருமைதான், நம்ம மேடைப் பேச்சு மாதிரியேதான். ஆனால் அவர் கைதட்டலோடு வீட்டுக்குப் போகவில்லை. 1972-ல் உல்சானில் மண்ணைத் தோண்டினார், 1974-ல் எண்ணெய்க் கப்பல் கட்டிக் கொடுத்தார். காரிலும் அப்படித்தான். 1968-ல் ஃபோர்டின் கார்ட்டினாவைப் பூட்டிக் கொடுத்த கம்பெனி, 1975-ல் 'போனி' என்று சொந்தக் காரை இறக்கியது. எஞ்சின் மிட்சுபிஷியுடையது, உருவம் இத்தாலிக்காரர் வரைந்தது. இருந்தாலும் பெயர் அவர்களுடையது. நடுவில் ஏழே வருஷம்.

நாம் அவர்களுக்கு உதிரிபாகம் செய்ய ஆரம்பித்து இருபத்தைந்து வருஷம் தாண்டிவிட்டது.

'வேலை கிடைக்கிறதே, அதைக் கெடுக்காதீங்க' என்பார்கள். கெடுக்கவில்லை. மாதச் சம்பளம் வாங்கித் தங்கச்சி கல்யாணத்தை முடித்த பையன்களை எனக்கும் தெரியும். ஆனால் 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்த நோக்கியா, 2014 நவம்பரில் மூடியபோது என்ன ஆச்சு? ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அடையாள அட்டையோடு வெளியே நின்றார்கள். போனும் அவர்களுடையதில்லை, வரைபடமும் இல்லை, பெயரும் இல்லை. ஹார்கன் ஏரிக்கரையை விட்டு எங்கே போக முடியும்? அது அந்த ஊர்க்காரன் பெயர்.

'தமிழனுக்கு அதெல்லாம் வராது' என்று சலித்துக்கொள்பவர்களுக்கு டி.வி.எஸ். குடும்பத்தை ஞாபகப்படுத்துகிறேன். 2001-ல் சுசுகியோடு கூட்டு முறிந்தபோது ஒசூர் கதை முடிந்தது என்றார்கள். அதே வருஷம் சொந்தமாக வடிவமைத்த 'விக்டர்' பைக்கை ரோட்டில் விட்டார்கள். வரும், வந்திருக்கிறது. மற்ற முதலாளிக் குடும்பங்கள் அடுத்த ஆர்டரையும் அடுத்த ஏக்கரையும்தான் பார்க்கிறார்கள். ஒரு பொருளுக்கு அப்பா பெயரை வைத்து, அது ஓடாவிட்டால் நஷ்டப்படும் தைரியம் கல்யாண மண்டபம் கட்டுவதில் மட்டும் இருக்கிறது.

இன்னொரு தப்பு அரசாங்கத்துடையது. பெவாக்கியில் கப்பி வாங்க ஆள் இருந்தது. ஏரிக்கரைப் பையன்கள் எல்லாரும் படகு விட்டார்கள். இங்கே 1911-லிருந்து மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, ஆனால் காசிமேட்டுப் பையன் அதன் வாசலைத் தாண்டியிருப்பானா? சென்னைப் பெண் நேத்ரா குமணன், பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணாக 2021-ல் டோக்கியோ போனார். ஒரு வாரம் பேப்பரில் படம் வந்தது. கடலோரப் பள்ளிகளில் பத்துப் படகு வாங்கிக் கொடுக்கலாம் என்று எந்த அமைச்சருக்கும் தோன்றவில்லை.

2024 ஜனவரி முதலீட்டாளர் மாநாட்டில் 631 ஒப்பந்தம், 6.64 லட்சம் கோடி என்று கணக்குச் சொன்னார்கள். கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. அடுத்த முறை அந்த அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: இதில் எத்தனை பொருளின் வரைபடம் இங்கே போடப்பட்டது? பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே அச்சடியுங்கள், பரவாயில்லை.