நடுவில் ஓட்டை விழுந்த டொலர்

போன கிழமை ஹரிஸ் பார்க் விக்ரம் வீதியில் தோசைக்குக் காத்திருந்தபோது, மச்சான் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். 1794ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளி டொலர் ஒன்று, 2013இல் ஒரு கோடி அமெரிக்க டொலருக்கு மேல் ஏலம் போயிருக்கிறது. "சேர்த்தா இப்படி ஒண்டு சேர்க்கோணும்" என்றான். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோசை வர நேரமெடுத்தது, அதனால் நிறையவே சொன்னேன். இங்கே மிச்சத்தையும் சொல்கிறேன்.

அமெரிக்க வெள்ளி என்றால் ஐக்கிய அமெரிக்கா மட்டுமில்லை. அந்த நாடு பிறக்க முதலே மெக்சிக்கோவிலும் லீமாவிலும் பொட்டோசியிலும் ஸ்பானிய டொலர்கள் அடிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 27 கிராம். ஐக்கிய அமெரிக்காவிலேயே 1857 வரை அவை சட்டப்படி செல்லும் காசு. உலகம் முழுக்க ஓடிய அந்தக் காசில் 40,000, 1812 நவம்பரில் சமராங் என்ற கப்பலில் சிட்னிக்கு வந்தது. எங்கேயிருந்து தெரியுமா? மெட்ராசிலிருந்து.

அப்போது இந்தக் குடியேற்றத்தில் காசுத் தட்டுப்பாடு. வந்த காசும் கப்பல்காரர்களோடு வெளியே போய்விடும். ஆளுநர் மக்குவாரி ஒரு வழி கண்டுபிடித்தார். கள்ளக்காசு வழக்கில் நாடுகடத்தப்பட்டு வந்த வில்லியம் ஹென்ஷால் என்ற கைதியைப் பிடித்து, ஒவ்வொரு டொலரின் நடுவையும் வெட்டி எடுக்கச் சொன்னார். (கள்ளனிடமே சாவியைக் கொடுத்த கதை.) வளையத்துக்கு 5 சிலிங், வெட்டி எடுத்த நடுத்துண்டுக்கு 15 பென்ஸ். 10,000 பவுண் வெள்ளி 12,500 பவுண் ஆனது. ஓட்டை விழுந்த காசை வெளியூரில் யாரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள், அதனால் அது இங்கேயே நின்றது. வளையத்தில் ஸ்பானிய அரசரின் முகம் இருக்காது, ஓரத்து எழுத்து மிஞ்சியிருக்கும். ஓட்டையைச் சுற்றி 'நியூ சவுத் வேல்ஸ், 1813' என்று அடித்திருப்பார்கள். இன்றைக்கு ஏறக்குறைய 300 வளையங்கள்தான் மிச்சம். மக்குவாரி வங்கியின் சின்னமும் இதுதான்.

நாங்கள் தோசை சாப்பிட்ட இடத்துக்கு யாருடைய பெயர் என்று பாருங்கள். ஜோன் ஹரிஸ், படை வைத்தியர். 1817இல் தொடங்கிய இந்நாட்டின் முதல் வங்கியின் இயக்குநர்களில் ஒருவர்.

இதைக் கேட்டதும் மச்சான், "அப்ப நாங்கதான் இவங்களுக்குக் காசு குடுத்தம்!" என்று துள்ளினான். இல்லை. அது கிழக்கிந்தியக் கம்பனியின் காசு, எங்கட காசில்லை. பொட்டோசி மலையில் அந்த வெள்ளியைத் தோண்டியவர்கள் கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்ட அந்தீசு மலைப் பழங்குடிகள். காசு ஓடிய பரமட்டா நிலம் புரமட்டகல் மக்களுடையது. பெருமைக்காக மட்டும் சரித்திரம் படித்தால் இந்த இரண்டு கூட்டமும் கண்ணில் படவே படாது. அதே நேரம், எங்கட பக்கத்துக் கடற்கரைக்கும் இந்த ஊருக்கும் தொடர்பே 83க்குப் பிறகுதான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அதுவும் பிழை.

அதனால் என் கருத்து இதுதான். ஓட்டை டொலரைத் துரத்த வேண்டாம். ஒன்றின் விலை ஒரு லட்சத்துக்கு மேல் போகும், போலிகளும் ஏராளம். தேய்ந்த மெக்சிக்கோ டொலர் ஒன்று சில நூறுக்குக் கிடைக்கும். அதையும் ரசீது தரும் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். அதற்கும் முதல் வீட்டு அலுமாரியைத் திறவுங்கள்.

எங்கள் வீட்டில் அம்மம்மா கொண்டுவந்த வெள்ளி ரூபாய் ஒன்று இருந்தது. 1919, ஐந்தாம் ஜோர்ஜ். கறுத்துப்போயிருந்தது. பன்னிரண்டு வயதில் பற்பசை போட்டுத் தேய்த்து அதைப் பளபளவென்று ஆக்கினேன். அரசரின் மீசையிலும் கீறல். பழைய காசைத் தேய்க்கவே கூடாது, மேல்படை போனால் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மம்மா ஏசவில்லை. "வடிவாத்தான் இருக்கு" என்று வாங்கி, திரும்பச் சேலைத்துண்டில் முடிந்து வைத்தா.

யார் தந்தது, ஏன் செலவழிக்காமல் கடல் தாண்டிக் கொண்டுவந்தா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இப்போது கேட்க அவ இல்லை. மச்சானின் அப்பம்மா டூங்காபியில்தான் இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.