ஹால் சுவரில் யார் படம்?



நம் தோட்டங்களில் தனிவீட்டுக்குக் குடிபோகும் குடும்பங்கள் கூடிவருகின்றன. சிறு காணி, சின்னதாக ஒரு ஹால். லயக் காம்பராவில் சுவரே கண்ணுக்குத் தெரியாது. சாமிப் படம், கடைக் கலண்டர், ஈரத்தை மறைக்க ஒட்டிய பழைய பேப்பர் என்று அடைந்து கிடக்கும். இப்போது வெள்ளையடித்த வெறும் சுவர் இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை தீபாவளிக்கு வரும்போது, ஃபிரேம் போட்ட போஸ்டர் ஒன்றை வாங்கி வருகிறது.

அந்தக் காலத்துப் பிரெஞ்சு விளம்பரப் படங்களுக்கு இப்போது நல்ல கிராக்கி. அவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்டைன்லென் என்ற ஓவியர் 1895இல் ஒரு கம்பனியின் சாக்லேட்டுக்கும் தேயிலைக்கும் வரைந்தது. தாய், மகள், பக்கத்தில் ஒரு பூனை, அவ்வளவுதான். தெருச் சுவரில் ஒட்ட அச்சடித்த காகிதம் அது. மழையில் கரைந்து போயிருக்க வேண்டியதை நூறு வருடம் கழித்தும் ஆசையாக மாட்டுகிறோம் என்றால், வரைந்த கை அப்படி! தாராளமாக மாட்டுங்கள்.

ஆனால் பழைய தேயிலை விளம்பரங்களில் நம்மவர்களும் இருக்கிறார்களே, கவனித்தீர்களா?

தோமஸ் லிப்டன் 1890இல் இங்கே வந்து, அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை உட்படத் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே உங்கள் கேத்தலுக்கு என்று சீமையெங்கும் விளம்பரம் செய்தார். அதில் சேலை கட்டிய நம் பெண் நின்றாள். 1932இல் தேயிலைப் பிரசாரத்துக்கென்றே இங்கு ஒரு சபை அமைந்தது. அந்தக் காலத்துப் படங்களின் மறுபதிப்புகளைத்தான் இன்று நுவரெலியாவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் வாங்கிப் போகிறார்கள்.

அப்படி ஒரு படத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சேலை மடிப்புக் கலையவில்லை. இடுப்பில் படங்கு இல்லை, காலில் அட்டைக் கடி இல்லை. கூடைக் கயிறு உச்சந்தலையை அழுத்துகிற பாரம் முகத்தில் இல்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடுமுன் பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவந்த தவிப்பும் இல்லை. கம்பனிப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவள் பெயர் எங்கே?

எனக்கு இது மனதை உறுத்துகிற விஷயம். அந்தப் படத்தால் தேயிலை விற்றது. அவள் யாருடைய அம்மாயி என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

நம் வீட்டிலாவது எழுதி வைக்கலாம் அல்லவா? டிரங்குப் பெட்டியின் அடியில் அம்மாயியின் ஒரு படம் கிடக்கும். கலியாணப் படமோ, அடையாள அட்டைக்கு எடுத்ததோ, எதுவானாலும் சரி. ஒட்டிக் கிடந்தால் பிய்க்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஃபோனில் எடுத்து, ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்குங்கள். நம் மலை ஈரத்துக்குப் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். அதனால் சுவரில் நேரே ஒட்டாமல், ஃபிரேமின் பின்னால் சிறு கட்டைகள் வைத்துக் காற்றுப் போக இடம் விடுங்கள். அடுப்படிப் பக்கச் சுவர் வேண்டாம். அசல் படத்தை வெயில் படாமல் எடுத்து வையுங்கள்.

படத்துக்குக் கீழே அவர் பெயர், தோட்டம், டிவிஷன், கொழுந்தெடுத்த வருடங்கள் எல்லாம் எழுதுங்கள். பிரெஞ்சுப் பூனை பக்கத்திலேயே இருக்கட்டும். எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பெயரோடு போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்