தொழிலாளர் பிரதிநிதித்துவம்: சுங்குவார்சத்திர விவகாரத்தில் எமது நிலை

காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 ஆம் நாள் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் வரலாற்றை அங்கத்தினர் நன்கறிவர். ஆதலால் அதனை விரிக்காமல், அக்டோபர் 7 ஆம் நாள் நிர்வாகம் ‘தொழிலாளர் குழு’ ஒன்றோடு செய்துகொண்ட உடன்பாட்டைக் குறித்து மாத்திரம் எமது செயற்குழு தன் அபிப்பிராயத்தை வெளியிடுகிறது.

ஆலைக் குழுக்களுக்கு நாம் கொள்கையளவில் விரோதிகள் அல்லர். 1947 ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, 100 பேருக்குக் குறையாத ஆலைகளில் இருதரப்பாரும் கலந்து நல்லுறவு பேணுவதற்கென்று அவற்றுக்கு வகைசெய்தது. அவற்றால் ஓரளவு பயன் விளையக்கூடும் என்று கருதுவோர் செயற்குழுவிலும் உண்டு. எனினும், பதிவுபெற்ற சங்கம் உள்ளவிடத்து அதனைக் கலந்தே பிரதிநிதிகளைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்று விதித்ததும் அதே பிரிவே. குழு சங்கத்தின் ஸ்தானத்தைப் பற்றிக்கொள்வதற்கு ஏற்பட்டதன்று என்பதை 1960 இல் நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில் உச்சநீதிமன்றமும் தெளிவாக்கிற்று. அவ்வாறிருக்க, சாம்சங் தொழிலாளர் அமைத்த சங்கத்தின் பதிவு விண்ணப்பம் மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கையில், பதிவில்லை என்பதையே சாக்காகக் கொண்டு அதனைப் புறக்கணித்து, ஒரு சிலரோடு கையொப்பமிட்டு, மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் குளிர்சாதனப் பேருந்தும் அறிவித்துவிட்டு, வேலைநிறுத்தப் பந்தலில் அமர்ந்திருந்தோரை நோக்கி விவகாரம் தீர்ந்தது என்பது எந்த நியாயம்? ஊதியமும் அவர்கள் கேட்டதுண்டு. ஆனால் தமக்காகப் பேசுவோரைத் தாமே தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தையன்றோ முதலிற் கேட்டார்கள்! பிரதிவாதிக்கும் சேர்த்து வாதியே வக்கீல் அமர்த்துவதற்கு எந்த நீதிமன்றம் சம்மதிக்கும்?

சாம்சங் ஸ்தாபனத்தின் இன்றைய தலைவர் லீ ஜே-யோங், 2020 மே 6 ஆம் நாள் சியோலில் நாட்டு மக்கள்முன் தலைவணங்கி, சங்கமற்ற நிர்வாகம் என்ற நெடுநாளைய கொள்கையைக் கைவிடுவதாக வாக்களித்தார். அவ்வாக்கு கடல் கடந்து செல்லாதா? கொரியத் தொழிலாளிக்கு உரியது காஞ்சிபுரத்துத் தொழிலாளிக்கு ஏன் இல்லை? 1918 இலேயே தொழிற்சங்க முன்னோடிகளான வாடியாவும் திரு.வி.க.வும் சங்கம் வளர்த்த மண் இது.

நிறுவனத்தின் பெயரைச் சங்கம் தாங்கலாகாது என்னும் நிர்வாகத்தின் ஆட்சேபம் பதிவைத் தடுக்கத் தக்கதன்று. ஊதியம் பேச்சுக்குரியது, அதில் இணக்கம் காண்பது சங்கத்தாரின் உரிமை. தமிழ்நாடு அரசு இயன்றவரை நடுநிலை காக்கவே விரும்பியிருக்கும் என்று நம்ப முயல்கிறோம். ஆயினும் உடன்பாடு கையொப்பமான மறுநாட்களிலேயே காவல்துறையினர் பந்தலைப் பிரித்த செயலை எவ்விதச் சொல்லாலும் மென்மையாக்க நாம் தயாராயில்லை.

ஆதலின், சங்கத்தை 2025 இல்தான் பதிவுசெய்த தாமதம் இனி எச்சங்கத்துக்கும் நேரலாகாது என்று வேண்டுகிறோம். உறுப்புச் சங்கங்கள், நிர்வாகம் தெரிந்தெடுக்கும் எக்குழுவின் வாயிலாகவும் ஊதியம், பணிநேரம் பற்றிய உடன்பாட்டில் கையொப்பமிடலாகாது.